பழி ஓரிடம், காபி ஓரிடம்!

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை. கல்மண்டபம் பஸ் ஸ்டாப் அருகே ஒரு ஷாமியானா பந்தல். 'இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை' என்று பேனர். இலவசம் என்றால் நம் கால் தானாகவே திரும்பிவிடுமே! போய் உட்கார்ந்தேன்.

கையில் பட்டையைச் சுற்றி 'புஸ் புஸ்'ஸென்று காற்றடித்த சிஸ்டர், முகத்தைச் சுளித்தார். இன்னொரு தரம் அடித்தார். 152/96.

"இப்பதான் சிஸ்டர், எதிர்க் கடையில ஸ்ட்ராங்கா ஒரு காபி..." என்று இழுத்தேன்.

பக்கத்திலிருந்த டாக்டர் நிமிர்ந்தார். "காபி எத்தனை வருஷமா சாப்பிடறீங்க?"

"பால்குடி மறந்ததிலிருந்து சார்!"

"அப்ப காபி மேல முழுப் பழியும் போடாதீங்க. நாளைக்கு காலையில காபி, சிகரெட் எதுவும் தொடாம நம்ம கிளினிக்குக்கு வாங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காபி குற்றவாளியா, நிரபராதியா? நான் படித்தது பி.காம். ரத்தத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பாஸிட்டிவ், நெகட்டிவ்தான். இருந்தாலும் அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்து, ஒரு டம்ளர் காபிக்கு வரவு - செலவு எழுதினேன்.

முதலில் செலவு. நம் உடம்பில் அடினோசின் என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. ரத்தக் குழாய்களிடம் போய், 'கொஞ்சம் தளர்ந்து இருங்கப்பா' என்று சொல்வது அதன் வேலை. காபியிலுள்ள கஃபீன் என்ன செய்கிறது? பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே மாதிரி அடினோசின் உட்கார வேண்டிய ஸீட்டைப் பிடித்துக்கொள்கிறது. குழாய்கள் இறுகுகின்றன. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பி.பி. ஐந்து, பத்து பாயிண்ட் ஏறலாம். 2005-ல் வெளியான ஏதென்ஸ் நகர ஆய்வில், 17 இளம் வயதினருக்குக் காபி கொடுத்துக் கை ரத்தக் குழாயை ஸ்கேனில் பார்த்தார்கள். தேவைப்படும்போது விரியும் சக்தி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்திருந்தது.

இப்போது வரவு. ஜப்பானில், ஒகினாவா தீவில், காபிப் பழக்கமில்லாத 27 பேருக்கு ஒரு சின்னக் கப் காபி கொடுத்து விரல் நுனியில் அளந்தார்கள். கஃபீன் நீக்கிய காபி குடித்தபோது இருந்ததைவிட, 75 நிமிஷத்தில் ரத்த ஓட்டம் 30 சதவீதம் அதிகம்! 2013-ல் சொன்னார்கள். கைக்குழாயில் ஒரு கதை, விரல் நுனியில் இன்னொரு கதை. இரண்டுமே சில மணி நேரத்துச் சங்கதிதான். சுமார் ஐந்து மணி நேரத்தில் கஃபீனில் பாதி காலி. அதிலும் தினசரி குடிக்கிறவர்களுக்கு உடம்பு பழகிப்போய், பி.பி. அவ்வளவாக ஏறுவதில்லை.

அது சரி, ஒருநாள் காபி குடிக்காவிட்டால் மண்டையைப் பிளக்கிறதே, அது ஏன்? கைக்குட்டையை எடுத்ததும் அடினோசின் அத்தனையும் திமுதிமுவென்று ஏறி உட்காருகிறது. மூளையின் குழாய்கள் விரிகின்றன. தலைவலி!

மறுநாள் காலை. காபியில்லாத வாய், ஈயில்லாத சந்தை மாதிரி வெறிச்சென்றிருந்தது. ஐந்து நிமிஷம் சும்மா உட்காரவைத்து அளந்தார். 148/94.

"இப்ப யார் மேல சார் பழி?"

"ராத்திரி சரியா தூங்கல டாக்டர்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அந்தக் குரல் கேட்டது. என் குரல் இல்லை, அப்பாவுடையது.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். எங்கள் ஏரியாவில் டீதான் ராஜா. ஒவ்வொரு தரம் பி.பி. பார்க்கும்போதும், "இப்பதான் டீ குடிச்சேன் டாக்டர்" என்பார். மாத்திரை எழுதிக் கொடுத்தால், சீட்டு சட்டைப்பையோடு சலவைக்குப் போகும். 54 வயதில் ஒருநாள் காலை, வலது கை டம்ளரைப் பிடிக்கவில்லை. நழுவியது. பக்கவாதம். அப்போதும் அம்மா, "டீயைக் குறைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே" என்றுதான் அழுதாள். டீ இல்லை அம்மா. நம்பர் வருஷக்கணக்காக மேலேயே நின்றது. நாம்தான் டம்ளரை முறைத்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதிட்டு வாங்க. காமர்ஸ்னு சொன்னீங்களே, கணக்கு எழுத வரும்ல?" என்றார் டாக்டர்.

எழுதினேன். ஏழு நாள், 14 கட்டம். பன்னிரண்டில் 140-க்கு மேல். ஒவ்வொரு தரமும் அளக்கிறதுக்கு முன்னால் அரை மணி நேரம் காபி இல்லை, சிகரெட் இல்லை. முதுகைச் சாய்த்து, கால் தரையில் பதிய உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டுதான் அளந்தேன். (கடைசிதான் கஷ்டம்!) நீங்களும் இப்படி அளந்து பாருங்கள். இரண்டு மூன்று நாள் பார்த்தும் 140/90-க்கு மேலேயே நின்றால், தயவுசெய்து டம்ளரை முறைக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

எனக்கு மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. உப்புக்குக் கத்தரி, கருவாடு கனவில் மட்டும். சிகரெட்டுக்குத் தடா. காபி?

"காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. தாராளமா சாப்பிடுங்க" என்றார்.

சந்தோஷம் தாங்காமல், "மாத்திரையைக் காபியோடவே போட்டுக்கலாமா டாக்டர்?" என்றேன்.

"தண்ணியோட சார்!"