பெயரில் மட்டும் டீ



அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கிறேன். சனிக்கிழமை மாலை நண்பர்களுக்காக அவன் கலந்து வைத்திருந்த 'லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ'யை நிஜ டீ என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டேன். "அப்பா, அது டீ இல்லப்பா!" என்று பதறினான்.

செய்முறை கேட்டேன். வோட்கா, ஜின், வெள்ளை ரம், டக்கீலா, ஆரஞ்சு மணமுள்ள கோன்ட்ரோ, ஒவ்வொன்றும் 15 மில்லி. எலுமிச்சைச் சாறு 30, சர்க்கரைப் பாகு 20. மேலே கொஞ்சம் கோலா. தேயிலையே கிடையாது, அந்த நிறம் கோலா தந்தது.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? ஐந்து பதினைந்து 75. நம்மூர்க் கணக்கில் இரண்டரை ஸ்மால். கோலாவுக்குப் பதில் கிரான்பெர்ரி சாறு ஊற்றினால் 'லாங் பீச் ஐஸ்டு டீ'யாம். நிறம் மாறும், 75 மாறாது. கண்ணளவில் ஊற்றினால் அதுவும் கூடும்.

கிளம்பும்போது ஒரு பையன் கார் சாவியை எடுத்தான். "ஒரே கிளாஸ்தான் அங்கிள்" என்றான். கணக்கைச் சொன்னேன். சாவியை வைத்துவிட்டு டாக்சியில் போனான்.

குடிப்பது அவரவர் விருப்பம். ஆனால் இனிப்பு வீரியத்தை மறைத்துவிடும். கலந்து கொடுப்பவர் அளந்து ஊற்றி, உள்ளே என்ன, எவ்வளவு என்று சொல்லிக் கொடுப்பதுதான் விருந்தோம்பல்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்