பணச் சோதிடர்கள்

பணத்தை எதில் போடுவது, பிள்ளையை எந்த உத்தியோகத்திற்குப் படிக்க வைப்பது, வீட்டை எப்பொழுது வாங்குவது என்று ஜனங்களுக்கு யோசனை சொல்லுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு கூட்டம் நம் நாட்டில் பெருகிவிட்டது. டெலிவிஷனைத் திருப்பினால் அவர்கள்; கைபேசியைத் திறந்தால் அவர்கள். சோதிடனை நம்பமாட்டேன் என்று மார்தட்டும் படித்த வாலிபர்கள்கூட இவர்களிடம் கைகட்டி நிற்கின்றார்கள். சோதிடன் கட்டம் போட்டுக் காட்டினான். இவர்கள் கோடு போட்டுக் காட்டுகின்றார்கள். இதைத் தவிர வேறு வித்தியாசம் என்ன என்று நாம் கேட்கின்றோம். பலித்தால் அது பண்டிதரின் சாமர்த்தியம். பலிக்காவிட்டால் கேட்டவனுடைய தலைவிதி. எப்படியானாலும் தட்சணை மாத்திரம் தவறுவதில்லை.

பெரிய பண்டிதர்களின் யோக்கியதையையே முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலைப் புரொபசர் இர்விங் பிஷர் என்பவர் உலகம் மெச்சிய பொருளாதார நிபுணர். பங்கு விலைகள் இனி இறங்காத உயரத்தில் நிலைத்துவிட்டன என்கிற கருத்தை அவர் 1929-ம் வருஷம் அக்டோபரில் வெளியிட்டார். அந்த மாதமே சந்தை இடிந்து விழுந்தது. அவருடைய ஆஸ்தியும் அதோடு போயிற்று. கடைசியில், அவர் குடியிருந்த வீட்டைச் சர்வகலாசாலை வாங்கி அவருக்கே வாடகைக்கு விடும்படி ஆயிற்று. ஆனாலும் அவரை நாம் குறை கூறமாட்டோம். தான் சொன்னதைத் தானே நம்பிக் கெட்டவர் அவர். இக்காலத்து நிபுணர்களோ, தாங்கள் சொல்லுவதைப் பிறர் நம்புவதால் வாழ்கிறவர்கள்.

ஆல்பிரட் கவுல்ஸ் என்பவர் இவ்விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார். யோசனை விற்கும் 16 ஸ்தாபனங்கள் 1928 முதல் 1932 வரை சொல்லிய சுமார் 7,500 யோசனைகளை ஆராய்ந்து, 1933-ல் முடிவை வெளியிட்டார். அந்த யோசனைகளின்படி நடந்தவனுக்குக் கிடைக்கும் பலன், சந்தையின் சராசரியைவிடக் குறைவாகவே இருந்தது. அதற்குப் பிறகு 90 வருஷத்திற்கு மேலாகியும் இந்த வியாபாரம் குறையவில்லை.

நிற்க. நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். பங்கை வாங்காமலேயே அதன் விலை ஏறுமா, இறங்குமா என்று பந்தயங் கட்டுவது போன்ற பேரம் ஒன்று உண்டு. பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்று அதற்குப் பெயர். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி என்னும் ஸ்தாபனம் இதைப்பற்றி 2024-ல் கணக்கு வெளியிட்டது. 2022 மார்ச்சில் முடிந்த வருஷம் முதல் மூன்று வருஷங்களில், இந்தப் பேரத்தில் இறங்கிய தனி நபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1,80,000 கோடி ரூபாய்க்கு மேல். இதில் தரகும் கட்டணமும் மற்ற செலவுமாகப் போனது மட்டும் சுமார் 50,000 கோடி. இறங்கியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வருஷ வருமானம் 5 லட்சத்திற்கும் குறைவு என்று சொன்னவர்கள். அதாவது, மகளின் கலியாணத்திற்கும் பிள்ளையின் படிப்பிற்கும் வைத்திருந்த பணம் அது.

இதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்லிப் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் எத்தனை பேர்! பாடம் என்ற பெயரால் அன்றன்றைய விலையைக் காட்டி ஆசை மூட்டுவதைக் கண்டு, கடந்த மூன்று மாதத்து விலைகளைப் பாடத்தில் காட்டக்கூடாது என்று செபி 2025 ஜனவரியில் உத்தரவு போடவேண்டி வந்தது. பந்தயத்தில் ஜெயிக்கும் வித்தை தெரிந்தவன் அதைத் தானே ஆடிச் சம்பாதிக்காமல், நம்மிடம் சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஏன் சொல்லித் தரவேண்டும்? பொன் செய்யும் ரசவாதி நம் வீட்டு வாசலில் காலணா கேட்பானேன்?

ஆயுள் இன்ஷூரன்ஸ் வேண்டியதுதான். ஆனால் 'முதலீடு' என்று சொல்லி நீண்ட கால பாலிசிகளைத் தலையில் கட்டுகிறவர் சங்கதி வேறு. முதல் வருஷப் பிரீமியத்தில் 100-க்கு 35 வரை தரகு கொடுக்க 2016-ம் வருஷத்து விதிகள் இடங்கொடுத்தன. சாதாரண பாலிசியைப்பற்றி அவர் ஏன் வாய் திறப்பதில்லை என்பது இப்பொழுது விளங்குமென்று நினைக்கின்றோம்.

வீட்டு விஷயமும் அப்படியே. 'வாடகை கொடுப்பது வீண். அதைக் கடன் தவணையாகக் கட்டினால் வீடு சொந்தம்' என்கின்றார்கள். 30 லட்சம் ரூபாயை 9 சதவிகித வட்டிக்கு 20 வருஷத் தவணையில் வாங்கினால், மாதம் சுமார் 27,000 வீதம் மொத்தம் சுமார் 65 லட்சம் கட்டவேண்டும். வாடகை வீண் என்றால், வட்டியாகப் போகும் இந்த 35 லட்சம் என்ன புண்ணியக் கணக்கா? வீடு வாங்கக்கூடாதென்பதல்ல நம் அபிப்பிராயம். கணக்கை மறைத்து ஆசையைக் காட்டுகிறவன் வீடு விற்பவனுடைய ஆள் என்றுதான் சொல்லுகின்றோம். உத்தியோக யோசனை சொல்லுகிறவர்களிலும், பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று காலேஜில் கை நீட்டுகிறவர்கள் உண்டு.

'அப்படியானால் தெரிந்தவர்களிடம் யோசனையே கேட்கக்கூடாதா?' என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். தாராளமாகக் கேட்கலாம். வைத்தியரிடம் மருந்து கேட்பதுபோல் கேட்கலாம். ஆனால் மருந்துக் கடைக்காரனையே வைத்தியனென்று நம்பக்கூடாது. நம்மிடம் மட்டுமே கட்டணம் வாங்கிக்கொண்டு, வேறெங்கும் தரகு வாங்காமல், செபியில் பதிவு செய்துகொண்டு யோசனை சொல்லுகிறவர்களும் இருக்கின்றார்கள். அவர்கள் சங்கதியையும் விசாரித்துத்தான் கேட்கவேண்டும்.

இன்னொரு அக்கிரமமும் உண்டு. மாதம் 12,000 ரூபாயில் குடும்பம் நடத்துகிறவனைப் பார்த்து, 'டீயைக் குறைத்தால் கோடீசுவரனாகலாம்' என்று உபதேசிக்கின்றார்கள். நாளொன்றுக்கு இரண்டு டீயை விட்டால் மிச்சம் 30 ரூபாய். ஒரு வருஷத்திற்கு 11,000 கூட ஆகாது. கூலி குறைவு என்பதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், தரித்திரம் அவன் குடித்த டீயால் வந்ததென்று சொல்லுவதற்கும், பூர்வஜென்ம கர்மத்தால் வந்ததென்று சொல்லுவதற்கும் என்ன பேதம்? இரண்டும் கஷ்டப்படுகிறவன் தலையிலேயே குற்றத்தைச் சுமத்தி, கூலி கொடுப்பவனைத் தப்பவிடும் தந்திரமே.

ஆகையால், யோசனை சொல்ல வருகிறவனை மூன்று கேள்வி கேளுங்கள். உனக்குப் பணம் கொடுப்பவன் யார்? இதே காரியத்தில் உன் பணம் எவ்வளவு இருக்கிறது? போன வருஷம் நீ சொன்னதெல்லாம் என்னவாயிற்று? பதில் சொல்லக் கூசுகிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நாம் எழுதியிருப்பதையும் அப்படியே நம்பவேண்டாம். காகிதமும் பென்சிலும் எடுத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.