சுவருக்குள் மூடிய பெட்டி



அண்மையில் குருமனையைப் புதுப்பித்தபோது, முன்னறைச் சுவரிலிருந்த இரண்டு ஜங்ஷன் பாக்ஸ் மூடிகள் என் கண்ணை உறுத்தின. அவற்றையும் பூசி மறைத்துவிடலாமே என்று கொத்தனாரிடம் சொன்னவன் நானே. வயரிங் வேலைக்கு வந்திருந்த தம்பி தடுத்தார்: "ஐயா, மூடிட்டா நாளைக்கு ஒரு கோளாறுன்னா எந்த இடத்தை உடைப்பீங்க?" என்னிடம் பதில் இல்லை.

நம் ஊரில் பல வீடுகள் புதுப்பிக்கப்படுகின்றன. முன்பு மரச்சட்டங்களின்மேல் வயர்கள் வெளிப்படையாக ஓடின. அழகில்லை, ஆனால் பழுது கண்ணில் பட்டது. இன்று அனைத்தும் சுவருக்குள். திறந்து பார்க்க நமக்கு எஞ்சியிருக்கும் வாசல் அந்தப் பெட்டி ஒன்றே. அதையும் பூசிவிடுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

காரணம் எளியது. முழு நீள வயரைவிட இணைப்பே பலவீனமானது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நாளடைவில் தளரும். தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும். தடை கூடினால் சூடேறும். மின்னோட்டம் இரு மடங்கானால் அந்த இணைப்பில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். விளக்குக்கும் விசிறிக்கும் இட்ட வயரில் ஏ.சி.யையும் கீசரையும் சேர்க்கும்போது நேர்வது இதுவே. பழைய அலுமினிய வயரோடு செம்பு வயரை நேரடியாக முறுக்கினால் இணைப்பு இன்னும் விரைவில் கெடும். இந்தச் சூட்டை எம்.சி.பி. அறியாது; மின்கசிவைக் காக்கும் ஆர்.சி.சி.பி.யும் அறியாது. பெட்டியைத் திறந்தால் கருகல் தெரியும். பூசிவிட்டாலோ, புகை நாற்றமே முதல் அறிவிப்பு.

1751-ஆம் ஆண்டுப் போரில் நம் ரஞ்சன்குடிக் கோட்டைக்கு எதிரி வெளியே நின்றான். நாமே சுவருக்குள் வைத்துப் பூசும் ஆபத்தை எந்த மதிலும் தடுக்காது.

புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் அமைக்கவேண்டும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. விழப்போகிறவர் யாரென்று கட்டுகிறவருக்குத் தெரியாது. ஆயினும் பொறுப்பு அவருடையதே. நாம் மறைக்கும் பெட்டியும் அப்படித்தான். நாளை காலண்டர் மாட்ட அங்கே ஆணியடிப்பவர் நம் பிள்ளையாக இருக்கலாம். வாடகைக்கு வந்த முகமறியாத குடும்பமாகவும் இருக்கலாம்.

ஆகையால், தகுதிச் சான்று பெற்ற மின் கம்பியாளரையே அழையுங்கள். மெயினை அணைத்து, மின்சாரம் இல்லையெனச் சோதித்த பின்னரே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். வெறும் டேப்புக்குப் பதிலாகத் தரமான கனெக்டர் கேளுங்கள். பெட்டி தேவையில்லையெனில், வயர்களை முழுவதும் நீக்கியபின் பூசுங்கள். தேவையெனில் மூடிக்குச் சுவரின் வண்ணமே தீட்டுங்கள். பூச்சுக்குமுன் வயர் செல்லும் வழியைக் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருங்கள்.

குருமனைச் சுவரில் அந்த இரண்டு மூடிகளும் இன்றும் இருக்கின்றன. எனக்குப் பின் அங்கே குடிவருகிற போதகர் அவற்றை அழகற்றவை என்று எண்ணக்கூடும். ஆனால் ஒரு திருகுளியால் திறந்து, உள்ளே என்ன இருக்கிறதென்று அவர் பார்த்துக்கொள்ள முடியும்.

உங்கள் இல்லங்களில் சமாதானம் தங்குவதாக.