சுவருக்குள் இருக்கும் முன்னோர்

சென்ற கல்விச் சுற்றுலாவில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றோம். கருவறையைச் சுற்றியுள்ள ஓவிய அறைக்குள் எல்லோரும் புக முடியாது. எனவே புகைப்படங்களையே கண்டோம். கிழவர் ஒருவர் ஓலையோடு வந்து சுந்தரரின் திருமணத்தைத் தடுக்கும் காட்சி. சுந்தரர் யானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலை செல்லும் காட்சி. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கைகள் தீட்டியவை!

இவை நெடுங்காலம் மறைந்திருந்தன. நாயக்கர் காலத்தார் இவற்றின் மேலேயே புதிய காரை பூசித் தம் ஓவியங்களை வரைந்தனர். 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி, மேற்பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார்.

"பழையதை மறைத்தவர்கள் பாவிகள்!" என்றான் உடன் வந்த நண்பன். எனக்குச் சுருக்கென்றது. காரணம், என் தாத்தா சுண்ணாம்பு அடிக்கும் தொழிலாளி. ஊர்க் கோயில் குடமுழுக்குக்கு வெள்ளையடித்ததைப் பெருமையோடு சொல்வார்.

வீடு திரும்பியதும் கேட்டேன்: "தாத்தா, அந்தச் சுவரில் முன்பு படம் இருந்ததா?"

"இருந்துச்சுடா. புகை புடிச்சு, மூஞ்சி தெரியாமக் கெடந்துச்சு. சாமி இருக்கிற எடம் பளிச்சுன்னு இருக்கணும்னாங்க. அடிச்சோம்."

சற்று நேரம் கழித்து, "அடிச்சிருக்கக் கூடாதோ?" என்றார். என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

இன்று சொல்வேன். தாத்தா செய்ததும் பக்தியே. நாயக்கர் செய்ததும் பக்தியே. நாயக்கர் பூச்சு சோழர் ஓவியத்துக்கு ஒரு போர்வையாகவும் இருந்தது. பின்னாளில் தொல்லியல் துறையினர் சில பகுதிகளில் நாயக்கர் ஓவியத்தைச் சிதைக்காமல் பெயர்த்தெடுத்துத் தனியே பலகைகளில் பதித்தனர். கீழுள்ளதும் பிழைத்தது, மேலுள்ளதும் பிழைத்தது. முன்னோரை மதிப்பது இப்படித்தான். ஒருவரைப் போற்ற மற்றவரை அழிக்க வேண்டியதில்லை.

ஆனால் அறியாமல் செய்தவர்க்கு மன்னிப்பு உண்டு. அறிந்த நமக்கு உண்டா? அக்கோயிலில் பணிபுரிந்த ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயர்களைக் கல்வெட்டு சொல்கிறது. ஓவியம் தீட்டியோர் பெயரோ நமக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு ஓவியமே பெயர். அதைச் சுரண்டி நம் பெயரை எழுதலாமா?

மாணவ நண்பர்களே! உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கினால், வெள்ளையடிக்கும் முன் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அறிந்தவர்களை அழைத்து வாருங்கள். அங்கே நம் பாட்டனார் யாரேனும் காத்திருக்கக்கூடும்!