பாஸ் பார்க்கிறதுக்கும் காசு குடுப்போம்

எங்கள் தோட்டத்து வேன் ஒயில் ஒழுகுது என்று முதலில் கண்டுபிடித்தது டிரைவர் அண்ணன் இல்லை. வேன் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே லயத்தில் இருக்கிற பாட்டி. மழைத்தண்ணியோடு கான் வழியாகக் கறுப்பாக வந்து வாசலில் படிந்திருக்கிறது. அண்ணனிடம் சொன்னதற்கு, "பழைய வண்டின்னா ஒழுகத்தானே செய்யும் பாட்டி" என்று சிரித்திருக்கிறார்.

வேன் ஒரு டொல்பின், 3எல் டீசல் எஞ்சின், எங்களில் பாதிப் பேரைவிட வயது கூடியது. காலையில் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுபோகும். ராத்திரியில் யாருக்கும் வலி வந்தால் இறக்குவானை தாண்டி காவத்தை ஆஸ்பத்திரிக்கோ, இரத்தினபுரிக்கோ அதுதான் ஓடும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தும் என்ன, வரியோடு சேர்த்து விலை கேட்டால் அது நமக்கான கதை இல்லை. இருக்கிறதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

கொஞ்ச நாள் ஒயில் ஊற்றி ஊற்றி ஓட்டினோம். பிறகு டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். கீழே குனிந்து பார்த்த பாஸ், எஞ்சினும் கியர்பொக்ஸும் சேருகிற இடத்தில் சொட்டுவதைக் கண்டு, "பின் சீல் போயிருச்சு" என்றார். கியர்பொக்ஸை இறக்கி, சீல் மாற்றி, ஏற்றினார்கள். சீட்டு எடுத்த காசில் 38,000 ரூபாய் போனது. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது 28 நாள் முழுப்பேர். மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே சொட்டு.

எங்களில் ஒருவன் இன்னொரு கராஜில் கையாளாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஃபெக்டரி செட்டுக்குள் வேனை விட்டு, எஞ்சின் ஆறியதும் முன் சீட்டைத் தூக்கினான். வயர் கனெக்ஷன்களைப் பொலித்தீனால் மூடி, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டு, பிறகு சவர்க்காரத் தண்ணியால் கழுவினோம். அரை நாள் போனது. காய்ந்த பிறகு குழந்தைப் பவுடரைத் தூவி, மடுவம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து டோர்ச் அடித்துப் பார்த்தோம். பவுடர் நனைந்து ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே பிடித்துக்கொண்டு போனால் அது முடிந்த இடம் பின் சீல் இல்லை, ஓல்டனேட்டரின் பின்பக்கம்.

இந்த எஞ்சினில் ஓல்டனேட்டருக்குப் பின்னால் ஒரு வெக்கியூம் பம்ப் இருக்கிறது. பிரேக்கை மிதிக்க லேசாக்குவது அதுதான். அதற்கு எஞ்சின் ஒயில் போய் ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகத் திரும்பி வரும். அந்த ஹோஸ் சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னால் தள்ளித் தள்ளி கியர்பொக்ஸ் பக்கம் சேர்த்திருக்கிறது. சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. ஒயில் மேலே ஏறாது, கீழேயும் பின்னேயும்தான் போகும். அதனால் நனைந்த இடங்களில் ஆக உயரமானதைத் தேட வேண்டும். ஹோஸும் இரண்டு கிளிப்பும் மாற்றியதோடு வேலை முடிந்தது. இறக்கத்தில் அந்தப் பம்ப் ஒயில் இல்லாமல் இறுகியிருந்தால் பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆகியிருக்கும். இறக்குவானை ரோட்டை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குது.

பாஸைத் திட்ட இதை எழுதவில்லை. எங்கள் வாதம் வேறு. டாக்டரை சனல் பண்ணினால் அவர் பார்க்கிறதுக்கே காசு கட்டுகிறோம், மருந்து வேறாக வாங்குகிறோம். பாஸ் ஒரு மணித்தியாலம் கழுவித் தேடினால் அதற்கு யாரும் ஐந்து சதம் தர மாட்டோம். "சும்மா பாத்ததுக்கா காசு?" என்று கேட்போம். கழற்றினால்தான் அவருக்குக் கூலி. அப்போ அவர் கழற்றத்தானே செய்வார்? அவரிடம் வேலை பழகுகிற நம்ம பொடியன்களும் கழற்றத்தான் பழகுகிறார்கள், தேடப் பழகுவதில்லை.

பார்ப்பதற்குக் கூலி குடுத்தால் இன்னொரு பில்தான் கூடும் என்று எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. வரலாம். அதனால் குடுக்கிறவர்கள் ஒன்று கேட்க வேண்டும்: கழுவிய பிறகு ஒயில் கிளம்புகிற இடத்தை எங்களுக்குக் காட்டுங்க, போனில் படம் எடுக்க விடுங்க. காட்ட முடியாத சீலுக்குக் காசில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும், இது பலர் விடுகிற இடம். எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து ஓட்டையின் மேல் சும்மா வைத்தால் அது துள்ளி விழுகிறதா, புகை தள்ளுகிறதா? அப்படியென்றால் உள்ளே அழுத்தம் கூட. பிரீதர் ஹோஸ் அடைத்திருந்தால் அதைச் சுத்தம் பண்ணினாலே பாதிக் கசிவு நிற்கலாம். ஹோஸ் சுத்தமாக இருந்தும் தள்ளுகிறதென்றால் ரிங் தேய்ந்திருக்கும், என்ன சீல் போட்டாலும் அது தள்ளிவிடும். அந்தக் காசை எஞ்சின் வேலைக்குச் சேர்ப்பதுதான் நல்லது.

டிரைவர்மாருக்கு ஒரு வார்த்தை. ஒயில் கம்பியைச் சரிவில் நிறுத்திப் பார்த்தால் பொய் சொல்லும். தோட்டத்தில் சமதரை என்றால் கிரவுண்டும் ஃபெக்டரி முற்றமும்தான், அங்கே வைத்து, எஞ்சினை நிறுத்திக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்க. ஏத்தத்தில் ஒயில் லைட் கண் சிமிட்டினால் சம்பில் ஒயில் குறைந்து, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். "அடுத்த வளைவு வரைக்கும் போயிரலாம்" என்று நினைக்காதீங்க. ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்க, வேனுக்குள்ளே நோயாளி இருந்தாலும்தான். பெயரிங் பிடித்துவிட்டால் அவரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான், வேறு வண்டிக்கு போன் பண்ணுவது அதைவிட வேகம்.

அடுத்த மாதக் கூட்டத்தில், சங்கக் காசிலிருந்து பார்வைக் கூலிக்கு ஒரு தொகை ஒதுக்கலாமா என்று பேசப்போகிறோம். பாட்டியையும் கூப்பிட்டிருக்கிறோம். முதலில் கண்டுபிடித்தவர் அவர்தானே, அவருக்கு இன்னும் யாரும் கூலி குடுக்கவில்லை.