சைகோன் போய்வந்த வீடுகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள ஐயாக்களுக்கும் ஆச்சிகளுக்கும், தம்பி தங்கைகளுக்கும்,

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலிருந்து எழுதுகிறேன்.

சென்ற படைப்புக்கு வந்திருந்தபோது தம்பிமார் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். "அவ்வளவு பெரிய படையும் பணமும் இருந்தும் அமெரிக்கா வியட்நாமை விட்டு ஏன் வந்தது? சொந்த சனங்களே கொடி பிடித்துக் கெடுத்துவிட்டார்களாமே?" பந்திக்கு நடுவில் அதற்கு முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. சைகோனுக்குக் கொண்டுவிக்கப் போன வீடுகள் நம் பக்கத்தில் எத்தனையோ உண்டு. அந்தப் போர் நமக்கு அந்நியமானதல்ல. அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் இந்த நாட்டு மக்களில் பெரும்பாலோர் அந்தப் போரை எதிர்க்கவில்லை. 1964 ஆகஸ்டில், டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டன என்று சொல்லி ஜனாதிபதி ஜான்சன் நாடாளுமன்றத்திடம் அனுமதி கேட்டார். கீழவையில் 416 பேரும் ஆதரித்தார்கள், எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. மேலவையில் 88 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் என்ற இருவர் மட்டுமே. அடுத்த ஆண்டு கேலப் கருத்துக்கணிப்பில், படை அனுப்பியது தவறு என்றவர்கள் 100க்கு 24 பேர். 1968 ஆகஸ்டில் அது 53 ஆயிற்று. 1971இல் 61.

இந்த மாற்றத்துக்குத் தொலைக்காட்சிதான் காரணம் என்பார்கள் சிலர். கல்லூரிப் பிள்ளைகள் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் முழு உண்மை அல்ல. இந்த மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் பீல்ஸ்வில் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே 500 பேர்கூட இல்லை. அந்த ஊரிலிருந்து போனவர்களில் 6 இளைஞர்கள் வியட்நாமில் இறந்தார்கள். அடுத்தடுத்துப் பெட்டிகள் வந்து இறங்க, இனி எங்கள் பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பாதீர்கள் என்று ஊரே அரசாங்கத்திடம் கேட்டது. அவர்கள் போராட்டக்காரர்கள் இல்லை. தேவாலயத்துக்குப் போய், உழைத்துப் பிழைத்த, கொடியை மதிக்கிற மக்கள். மாற்றம் முதலில் இப்படிப்பட்ட வீடுகளில்தான் தொடங்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏனென்றால் அன்று கட்டாய ராணுவச் சேவை இருந்தது. 18 வயதான ஒவ்வொரு ஆண்பிள்ளையும் பெயரைப் பதிய வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தவர்கள் உள்ளூர்ப் பெரியவர்களே அடங்கிய வாரியத்தார். கல்லூரியில் படிக்கிறவனுக்குத் தவணை கிடைக்கும். கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அழைப்பாணை வரும். அந்தக் காலத்துக் கணிப்புகளில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. படையைத் திருப்பி அழைக்க வேண்டும் என்றவர்களில் கல்லூரி படித்தவர்களைவிட, பள்ளியோடு நின்றவர்களின் விகிதமே அதிகம். பிள்ளையைக் கொடுத்தவர்களுக்குத்தானே கேள்வி முதலில் எழும்? பின்னர் 1969 டிசம்பர் 1ஆம் தேதி பிறந்தநாளை வைத்துக் குலுக்கல் போட்டார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்த பிள்ளைகளின் தாய்மார் அந்த இரவை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பிள்ளை இறந்தால் மட்டும் ஒரு சமூகம் போருக்கு எதிராகத் திரும்பிவிடாது. இரண்டாம் உலகப்போரில் இதே மக்கள் இதைவிடப் பல மடங்கு பேரை இழந்தும் தளரவில்லை. எதற்காக இறந்தான் என்பதற்கு அன்று அவர்களுக்குப் பதில் கிடைத்தது. வியட்நாமில் அந்தப் பதில் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டே போனது. 1967 நவம்பரில் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் வாஷிங்டனுக்கு வந்து, முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்ற பொருளில் பேசினார். இரண்டரை மாதத்தில், வியட்நாமியர் புத்தாண்டான டெட் நாளில், தெற்கின் பல நகரங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே ஆட்கள் புகுந்துவிட்டார்கள். களத்தில் தாக்கியவர்களுக்குத்தான் பெருஞ்சேதம். ஆனால் இங்கே நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்த மனிதன், வெற்றி நெருங்கிவிட்டது என்று நேற்றுச் சொன்னவரை அதன்பிறகு நம்பவில்லை. பிப்ரவரி 27 அன்று, நாடே நம்பிய செய்தி வாசிப்பாளர் வால்டர் குரோங்கைட், இது வெல்லாமலும் தோற்காமலும் முட்டி நிற்கிற போர் என்று திரையில் சொன்னார். ஒரு மாதம் கழித்து, மறுபடி தேர்தலில் நிற்கமாட்டேன் என்று ஜான்சன் அறிவித்தார். அதே ஆண்டு, போர்ச் செலவு ஏற ஏற, வருமான வரியின் மேல் 10 சதவீதம் கூடுதல் வரியும் வந்தது.

பொய் அம்பலமானதுதான் எல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்தியது. 1971 ஜூன் 13 முதல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட ரகசிய ஆவணங்கள், நான்கு ஜனாதிபதிகளின் அரசுகள் உள்ளே ஒன்று தெரிந்து வெளியே வேறொன்று சொன்னதைக் காட்டின. அவற்றைக் கொடுத்தவர் டேனியல் எல்ஸ்பர்க், அந்த ஆய்வில் வேலை பார்த்தவர். அச்சிடத் தடை கேட்டு அரசு போனது. உச்சநீதிமன்றம் 6க்கு 3 என்று மறுத்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், போரில் பெற்ற பதக்கங்களை வீரர்களே வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் கழற்றி எறிந்தார்கள். போய்ப் பார்த்து வந்தவனே சொல்லும்போது அவனைத் தேசத்துரோகி என்று யாரால் எளிதில் ஒதுக்க முடியும்?

தம்பிமார் சொன்ன "கொடி பிடித்துக் கெடுத்தார்கள்" என்பதற்கு வருகிறேன். 1970 ஏப்ரல் 30 அன்று, போரைக் கம்போடியாவுக்குள்ளும் கொண்டுபோவதாக நிக்சன் அறிவித்தார். மே 4 அன்று இங்கே கென்ட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படை 13 விநாடியில் 67 குண்டுகள் சுட்டது. மாணவர்கள் 4 பேர் இறந்தார்கள், 9 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் இருவர் போராட்டத்திலேயே இல்லை, ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு நடந்தவர்கள். அந்த இருவரில் ஒருவர் ராணுவ அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்திருந்த மாணவர். அவர்கள் விழுந்த இடங்களில் இன்று கார் நிறுத்துவதில்லை. விளக்குத் தூண்கள் நட்டுத் தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்போது நாடு என்ன நினைத்தது தெரியுமா? யார் குற்றம் என்று கேட்டபோது 58 சதவீதம் பேர் மாணவர்களையே குறை சொன்னார்கள், காவற்படையைச் சொன்னவர்கள் 11 சதவீதம்தான். நாலு நாள் கழித்து நியூயார்க்கில் கட்டடத் தொழிலாளர்கள் போராட்டக்காரர்களை அடித்து விரட்டினார்கள். போரையும் பிடிக்கவில்லை, போரை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களையும் பிடிக்கவில்லை. பெரும்பான்மையோர் அப்படித்தான் இருந்தார்கள். ஆகவே, போராட்டத்தைக் கண்டு மயங்கி மக்கள் மாறினார்கள் என்பது பொருந்தாது. போராடியவர்கள் கேள்வியை உயிரோடு வைத்திருந்தார்கள். பதிலை அந்தந்த வீடுதான் தனக்குத்தானே கண்டுகொண்டது.

இனி எனக்கு மனம் கனக்கிற பகுதி. இந்த நாட்டார் திரும்பியது பெரும்பாலும் தம் பிள்ளைகளுக்காக. வியட்நாம் பிள்ளைகளை நினைத்தவர்கள் குறைவு. மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் வியட்நாம் உழவர்களின் துயரத்தைப் பேசியபோது பெரிய நாளிதழ்களே அவரைக் கண்டித்தன. மை லாய் என்ற இடத்தில் 1968 மார்ச் 16 அன்று அமெரிக்கச் சிப்பாய்கள் கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். செய்தி வெளியே வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு ராணுவப் புகைப்படக்காரர் எடுத்த படங்களை 1969 நவம்பர் 20 அன்று வெளியிட்டது எங்கள் ஒஹாயோவின் கிளீவ்லண்ட் நாளிதழ்தான். பார்த்துப் பதறியவர்கள் உண்டு. நம்ப மறுத்தவர்களும் உண்டு. வாஷிங்டனில் 1982இல் எழுப்பிய கருங்கல் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டுப் பார்க்கிற வீட்டார் இன்றும் வருகிறார்கள். வியட்நாம் அரசு 1995இல் சொன்ன கணக்குப்படி, அங்கே இறந்த பொதுமக்கள் மட்டும் 20 லட்சம் பேர். பேரேட்டில் பற்றை மட்டும் எழுதி வரவை எழுதாமல் விட்டால் ஐந்தொகை எப்படி நேராகும்?

நம் வீடுகளை நான் நினைப்பது இதற்காகத்தான். நம்மவர்கள் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டி, சைகோன் தெருக்களில் வட்டிக்கடை வைத்து, அந்த மக்களோடு தலைமுறைகளாகப் பழகியவர்கள். எங்கள் பெரியப்பச்சி டெட் நாளில் அங்கே இருந்தார்கள். முதலில் கேட்ட வெடிச் சத்தத்தைப் புத்தாண்டுப் பட்டாசு என்று நினைத்தோம் என்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் குடும்பம் என்ன ஆயிற்று என்று சாகும்வரை விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். பகைவரும் அல்லாத, படைவீரரும் அல்லாத ஒருவர் அங்கேயே இருந்து பார்த்த பார்வை அது. சிப்பாய்கள் எழுதிய கடிதங்களை இங்கே நூலகங்களில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நம் முன்னோர் தமிழில் எழுதிய சைகோன் கடிதங்களை அப்படி ஓர் இடத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டு மேல்மாடியில், இரண்டாங்கட்டு அலமாரியில், அந்தக் காலத்துக் கடிதமோ கணக்கேடோ இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தம்பிமார் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினாலும் போதும். அங்கே வாழ்ந்த ஆச்சிமார், ஐயாமார் யாராவது இருந்தால், அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து வையுங்கள். 1975இல் போர் முடிந்த பிறகு எல்லாவற்றையும் விட்டு வந்த கதையோடு, அண்டை வீட்டு வியட்நாமியர்களைப் பற்றியும் கேளுங்கள். தை மாதம் வருகிறேன். அழைக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை