கல்லாய்ப் போன பல் யாருக்கு உரியது?

நெய்தல் நிலத்து மக்களுக்குச் சுறா புதியதன்று. சினையுற்ற சுறவின் கொம்பை நட்டுப் பரதவர் வழிபட்டதைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. இன்றும் மயிலாப்பூருக்குக் கிழக்கே, நொச்சிக்குப்பத்துக் கரையில், பால்சுறாவுக்கு விலை பேசுகிறார்கள். பிள்ளை பெற்ற வீடுகளில் சுறாப்புட்டு மணக்கிறது. ஆயினும், கடலை விட்டு நெடுந்தொலைவிலுள்ள அரியலூர், பெரம்பலூர் மண்ணிலும் சுறாப்பல் கிடைக்கிறது என்று சொன்னால் நம் மாணவருள் பலர் நகைக்கின்றனர். நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

சுறாவின் உடலில் எலும்பு கிடையாது, இருப்பதெல்லாம் குருத்தெலும்பே. இறந்தபின் அது மட்கிப்போக, பல் எஞ்சுகிறது. வாழ்நாள் முழுதும் பல் விழுவதும் முளைப்பதுமாக இருப்பதால் ஒரு சுறா ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்துவிட்டுப் போகிறது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இன்றைய அரியலூர்ப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலின் அடிச்சேறே பெரம்பலூர் மாவட்டக் காரை என்னும் ஊரருகே களிமண் மேடுகளாக நிற்கிறது. கூரிய பல்லால் இரையைக் கிழித்த சுறாக்களும், தட்டையான வரிப்பல்லால் சிப்பியை நொறுக்கித் தின்ற டைக்கோடஸ் என்னும் சுறாவும் அங்கே வாழ்ந்ததற்குச் சான்று அம்மண்ணில் உள்ளது.

சில மாதங்களுக்கு முன் நம் மாணவர் ஒருவர் கட்டைவிரல் நகமளவே இருந்த பல்லொன்றைக் காட்டினார். கைப்பேசி வழியே விலைக்கு வாங்கியதாம். ‘மெகலோடான், தென்னிந்தியா’ என்று துண்டுச் சீட்டில் எழுதியிருந்தது. மெகலோடான் என்பது பிற்காலப் பெருஞ்சுறா. மயோசீன் காலத்தில் வாழத் தொடங்கிச் சுமார் 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனது. அதன் பெரும்பல் 17, 18 செ.மீ. வரை வளரும், அதாவது ஒரு சாணுக்குச் சற்றே குறைவு. நம் நாட்டில் ஒடிசாவின் பாரிபதாவில் அதன் பற்கள் கிடைத்துள்ளன. காரைக் களிமண்ணோ அச்சுறா தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முற்பட்டது. அங்கே மெகலோடானைத் தேடுவது சங்க ஏட்டில் அச்சுப்பிழை தேடுவதற்கு ஒப்பாகும். அந்தப் பல் எங்கே, எந்த மண்ணடுக்கில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு உடன் இருந்திருந்தால் அந்தப் பொய் விலைபோயிருக்காது. இடம் தெரியாத பல்லுக்கு விற்பவர் எந்தப் பெயரையும் சூட்டலாம்.

கல் கிடந்த இடமே சான்றாகும் என்பது நேற்றுப் பிறந்த கருத்தன்று. 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்-பிரூனி, மலையடிவாரத்தில் கற்கள் உருண்டு பெரியனவாகவும், மலையை விட்டு விலக விலகச் சிறியனவாகவும், கடலருகே மணலாகவும் இருப்பதை நோக்கினார். இந்நிலம் முன்பு கடலாயிருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்தது என முடிவு கட்டினார். அக்கற்களை ஒருவர் பொறுக்கிப் பையிலிட்டுக் கொண்டுவந்து அவர்முன் கொட்டியிருந்தால் அவரால் என்ன சொல்லியிருக்க முடியும்?

1840களில் சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த கே என்பாரும் கன்லிஃப் என்பாரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் தொல்லுயிர் எச்சங்களைத் திரட்டினர். அவற்றுள் புதுச்சேரிப் பகுதி மீன் எச்சங்களை எகர்ட்டன் 1845இல் ஆராய்ந்து எழுதினார். எடுத்தவை கடல் கடந்தது நமக்கு இழப்பே. எனினும் ஊர்ப்பெயர் உடன் சென்றமையால் இன்றும் அவை பேசுகின்றன. சென்னை அருங்காட்சியகமும் 1851இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் தொடங்கியபோது அதன் முதற்செல்வம் சென்னை இலக்கியச் சங்கம் தந்த சுமார் 1,100 கற்களே. இலக்கியத் துறையாருக்குக் கல்லோடு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் இதனைக் கருதுக.

‘நாம் எடுக்காவிட்டால் மழை அடித்துக்கொண்டு போய்விடும்; எடுப்பவன் காப்பவன்தானே’ என்று சேகரிப்போர் கேட்கின்றனர். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. காரை மேடுகளில் ஒவ்வொரு மழைக்கும் ஓடை புதிதாகக் கிழிகிறது. வெளிப்பட்ட பல் உருண்டு உடைகிறது. மற்றொன்றும் உண்டு. அரியலூரைச் சுற்றிய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சிப்பிப் படுகைகள் வெட்டியெடுக்கப்பட்டுச் சிமெண்டு ஆகின்றன. தியாகராய நகரின் அடுக்குமாடிக் கடைகளிலும் அடையாற்றின் குடியிருப்புகளிலும் அந்தக் கடலின் சிப்பியும் ஓரளவு கலந்திருக்கக் கூடும். அந்த வீட்டில் குடியிருந்துகொண்டு, ஒரு பல்லை எடுத்த மாணவனை மட்டும் கள்வன் என்பது நேர்மையாகாது.

ஆகவே எடுப்பதே பிழை என்பது நம் கருத்தன்று. எடுத்த இடத்தை மறைப்பதும், மறப்பதும், விலைக்குக் கொடுப்பதுமே பிழை. ஓடையில் உருண்டு கிடப்பதை எடுக்கலாம். மண்ணடுக்கில் பதிந்திருப்பதைப் படம் பிடித்துவிட்டு அறிந்தவர் வரும்வரை விட்டுவிட வேண்டும். நடுவணரசின் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் புவிமரபு இடங்களையும் புவி எச்சங்களையும் காப்பதற்கான வரைவு மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. சட்டம் உருவாக ஆண்டுகள் ஆகும். ஒரு பல் கைமாற ஒரு நிமிடம் போதும்.

நம் கல்லூரியிலேயே இதனைத் தொடங்கலாம் என்பது நமது வேண்டுகோள். துறை நூலகத்தில் ஓர் அலமாரியை ஒதுக்குக. கல்லோடு வரும் மாணவர் ஊர்ப்பெயர், ஓடையின் பெயர், மண்ணின் நிறம், எடுத்த நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைத் தமிழில் எழுதித் தரட்டும். அந்த மண்ணுக்கு அவ்வூர் உழவர் வழங்கும் சொல்லைக் கேட்டு எழுதுவது தமிழ் மாணவருக்கே உரிய பணி. அது புவியியலாருடைய ஏட்டில் கிடைக்காது. பெறுமதி உடையனவற்றை ஆண்டுக்கு ஒருமுறை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ, அரியலூரை அடுத்த வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ சீட்டோடு சேர்ப்பிக்கலாம். அலமாரிக்கான செலவை முன்னாள் மாணவர் எவரேனும் ஏற்க முன்வந்தால் துறைத்தலைவரைக் காண்க.